இறுக்கு பனியன்

நான் முதன்முதலில் வாங்கிய பெல்ட், பிரசவமான பெண்கள் வயிற்றில் கட்டிக்கொள்வதற்கானது. அப்போது எனக்குப் பதினேழு வயது. திருச்செங்கோட்டில் எங்கள் தெரு மருந்துக்கடையில் கேட்டால் நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் பஸ் ஏறிச் சங்ககிரிக்குப் போனேன். அக்காவுக்கு வேண்டும் என்று சொன்னேன். எனக்கு அக்கா கிடையாது. கடைக்காரர் என்ன குழந்தை என்று விசாரித்தார். பெண் குழந்தை என்றேன். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். மூன்று மாதம் விடாமல் கட்டச் சொல்லுங்கள், உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

நான் இருபத்திரண்டு வருஷம் விடாமல் கட்டினேன்.

பதிமூன்று வயதில் என் மார்பு வளரத் தொடங்கியது. நான் குண்டுப் பையன் இல்லை. கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு ஒட்டித்தான் இருக்கும். மார்பு மட்டும் ஒரு பெண்பிள்ளைக்கு வருவதைப் போல மெத்தென்று திரண்டு வந்தது. ஒரு வருஷத்தில் போய்விடும் என்று அம்மா நினைத்தாள். பிறகு கோழிதான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். ஊசி போட்டு வளர்த்த கோழியைத் தின்றால் ஆண்பிள்ளைகளுக்கு இப்படி ஆகும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சுற்றிலும் கோழிப்பண்ணைகளாக இருக்கும் ஊரில் எங்கள் வீட்டில் மட்டும் கறியும் முட்டையும் நின்றுபோயின. என் பொருட்டு என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சேர்த்தே நின்றது. அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். ஆறு மாதம் வடக்கே போய்விட்டு ஒரு மாதம் வீட்டில் இருப்பார். இரும்புக் குழாய்களைத் தூக்கித் தூக்கி அவர் உடம்பே குழாய் மாதிரி இருக்கும். வீட்டில் சட்டை போடவே மாட்டார். சாப்பிட உட்காரும்போது அவர் மார்பைப் பார்ப்பேன். அவரும் என் சட்டையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்புவார். அவர் ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அந்த வயதில் ஒரு முறை உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வேன் பிடித்து ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குப் போனோம். என்னைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிச் சட்டையோடு இறங்கினேன். இறங்கிய பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. நனைந்த சட்டை சட்டையே இல்லாததைவிட மோசம், எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். அதனால் வெளியே வர முடியாமல் கழுத்தளவுத் தண்ணீரிலேயே நின்றேன். எல்லோரும் கரையேறி மீன் வறுவல் சாப்பிட்டார்கள். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவனுக்குத் தண்ணியென்றால் உயிர் என்று சிரித்தார்கள். விரல்களெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயின. வேன் கிளம்பும்போது அம்மா துண்டை விரித்துக்கொண்டு தண்ணீருக்குள் கால் வைத்து வந்து, “வா சாமி, போலாம்” என்று என்னைச் சுற்றிப் போர்த்தி அழைத்துப் போனாள். அம்மாவும் நானும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பெல்ட் வந்த பிறகு வாழ்க்கை ஒழுங்காயிற்று. சேலத்தில் கல்லூரி, பிறகு பி.எட்., பிறகு நாமக்கல் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. நடுவில் எப்போதோ ஆண்களுக்கென்றே இறுக்கமான பனியன் தபாலில் வரும் என்று தெரிந்து அதற்கு மாறினேன். அதைத் தலை வழியாகப் போட்டு இழுத்துவிடுவதற்குள் மூச்சு வாங்கும். போட்டுவிட்டால் மார்பு பலகைபோல ஆகிவிடும். சித்திரை வெயிலிலும் உள்ளே அது, மேலே ஒரு சாதாரண பனியன், அதற்கு மேல் சட்டை. ஆழமாக மூச்சு விட முடியாது. பாதி மூச்சில் பாடம் நடத்தப் பழகிக்கொண்டேன். நீளமான சூத்திரங்களை இரண்டாக உடைத்துச் சொல்வேன். அதனால்தான் நன்றாகப் புரிகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

பள்ளியில் ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு விதி உண்டு. வெளிர் நிறச் சட்டை, பேண்ட்டுக்குள் சொருகியிருக்க வேண்டும், கழுத்தில் டை. சட்டையை உள்ளே இழுத்துச் சொருகினால் துணி மார்பின் மேல் படிந்து நிற்கும். எந்த உடம்பை நான் மறைக்கப் பார்த்தேனோ அதைத் தினமும் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்துவதுதான் என் வேலை. வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடப்பேன். கையில் எதுவும் இல்லாத நேரத்தில் கையைக் கட்டிக்கொள்வேன். கண்டிப்பான வாத்தியார் என்று பெயர் வந்தது.

ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்பது தெரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விசாரித்தும் இருக்கிறேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கூட இருக்க வீட்டு ஆள் ஒருவர் வர வேண்டும் என்றார்கள். கூட யாரையாவது கூட்டிப்போக வேண்டுமென்றால் அவரிடம் முதலில் சொல்ல வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆனது. மனைவி எடப்பாடிப் பக்கத்து நெசவுக் குடும்பத்துப் பெண். குமாரபாளையத்தில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் தைத்து வரும் சட்டைகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. ஒரு தையல் கோணினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளோடு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இந்தப் பனியன் விஷயம் அவளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் நான் சட்டையில்லாமல் இருந்ததே கிடையாது. இறுக்கு பனியனை நானே துவைத்து, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் படாத கம்பியில் காயப்போடுவேன். மகள் பிறந்தாள். கைக்குழந்தையாக என் மார்பில் சாய்ந்து தூங்கப் பார்ப்பாள், பலகையில் படுத்ததுபோலச் சிணுங்கி அம்மாவிடம் போய்விடுவாள்.

முப்பத்தொன்பதாவது வயதில், பள்ளி விளையாட்டு விழா அன்று, மைதானத்தில் விழுந்தேன்.

மாசி மாத வெயில். முப்பத்தைந்துக்கு மேல் உடம்பு கொஞ்சம் போட்டுவிட்டதால் போன தடவை பனியனை ஒரு சைஸ் சின்னதாகப் பார்த்து வாங்கியிருந்தேன். காலையிலிருந்து சுண்ணாம்புப் பொடியில் ஓட்டக் கோடுகள் போட்டுவிட்டு, அணிவகுப்பு நேரத்தில் மற்ற ஆசிரியர்களோடு வரிசையில் நின்றேன். காது அடைத்தது. மூச்சை இழுத்தேன், பாதிதான் வந்தது. மறுபடி இழுத்தேன், அதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு நினைவு வந்தபோது பி.டி. சார் முகம் என் மேல் குனிந்திருந்தது. பத்து வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறோம், அவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தி, விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, எப்போதும் அணிவகுப்பில் நடப்பது போலவே நடக்கும் மனிதர் அவர். என் சட்டையில் மூன்று பட்டன்களை அவர் அவிழ்த்துவிட்டிருந்தார். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. சுற்றிலும் பிள்ளைகளின் கால்கள்.

அவர் ஒரு பட்டனைத் திரும்பப் போட்டுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மார்பின் மேல் விரித்தார். “வெயில்தான். தள்ளி நில்லுங்கடா, காத்து வரட்டும்” என்று பிள்ளைகளை விரட்டிவிட்டு, தானே என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு நடந்தார்.

பள்ளி நர்ஸ் பனியனைத் தலை வழியாகக் கழற்றப் பார்த்தார். வேர்வையில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் வரவில்லை. கடைசியில் கத்தரியை எடுத்துக் கீழிருந்து மேலாக வெட்டினார். மார்பு முழுக்க விரிந்து ஒரு மூச்சு உள்ளே போனது. அந்த மூச்சு எனக்கு வலித்தது. எத்தனை நாளாகப் போடுகிறேன் என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். கக்கத்துக்குக் கீழே தையல் அழுந்தி அழுந்திக் கறுத்துப்போயிருந்த கோடுகளை அவர் பார்த்தார். பவுடர் போட்டுவிட்டார், வேறெதுவும் கேட்கவில்லை. வேலையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்த என் மனைவியிடம், வெட்டின பனியனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். அவள் அதை வண்டியின் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு என்னைப் பின்னால் உட்காரச் சொன்னாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் மகள் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி முறத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்.

“ஏனுங்க, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுட்டு இருந்தீங்க?”

நான் முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்தேன்.

“மழை வந்தா தொட்டிக்குப் பின்னாடி கெடக்கறத ஆரு எடுத்து உள்ள போடறாங்கன்னு ஒரு நாளாவது நெனச்சுப் பாத்தீங்களா? மழை உட்டதும் மறுக்கா கொண்டுபோய் அதே கம்பில போடுவேன்.”

பதினோரு ஐப்பசி போயிருக்கிறது. ஒரு நாளும் அந்தப் பனியன் மழையில் நனைந்து நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன்.

“நீங்க சொல்லலீங்களே. ஒளிச்சு வெக்கறவங்க கிட்டப் போய் எப்புடிக் கேக்கறது? நான் பாட்டுக்குக் கேட்டுப்போட்டா, அப்பறம் நீங்க எங்கீங்க போய் ஒளிவீங்க?”

எனக்கு அப்போது நிம்மதி வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது கோபம். நான் ஒளிந்திருந்த அறைக்குச் சுவரே இல்லை, உள்ளே நான் பதுங்குவதை ஒருவர் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்றால் அது தாங்கமுடியாத வெட்கம். எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் நான் இறங்கி வந்தபோது அவள் என் சட்டைகளையெல்லாம் பீரோவிலிருந்து இறக்கிக் கட்டிலில் இரண்டு அடுக்காக வைத்திருந்தாள். ஓர் ஆள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான் என்ற எண்ணமே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கம்பெனியில் பேசுவதுபோலப் பேசினாள்.

ஓர் அடுக்கைத் தொட்டு, இதெல்லாம் ரொம்பக் குழைகிற துணி, உடம்பு எப்படியோ அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்றாள். இன்னோர் அடுக்கில் நான் கனமாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவை. இவை பெட்டி மாதிரி விறைத்து நிற்கும், உள்ளே எதையோ வைத்திருக்கிறோம் என்று சட்டையே ஊருக்குச் சொல்லும் என்றாள். இரண்டு பை வைத்த சட்டைகளைத் தனியாக எடுத்துப் போட்டாள். மறைக்கிறதாக நினைத்து, பார்க்கக்கூடாத இடத்தில் பார்வையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றாள்.

“துணி நிக்க வேண்டிய எடத்துல நிக்கோணும், விழுக வேண்டிய எடத்துல விழுகோணும். உங்களுது எல்லாம் மாத்திப் பண்ணுதுங்க.”

அளவு எடுக்க டேப்போடு வந்தாள். டெய்லரிடம் போனால்கூட நான் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்து அதே அளவுக்குத் தைக்கச் சொல்கிறவன். என் மார்பில் டேப் பட்டதே இல்லை. போட்டிருக்கிற சட்டைக்கு மேலேயே எடுக்கும்படி கேட்டேன். சரி என்றாள். அதற்கு ஏற்ற மாதிரி அரை அங்குலம் குறைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அவள் விரல்கள் சுற்றி வந்து முன்னால் சேர்ந்தன. ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு எழுதினாள். மார்பு என்றால் அவளுக்கு அது ஓர் எண், தோளுக்கும் கைக்கும் இருப்பது போல.

முதல் சட்டை சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி தைத்தாள். மூன்றாவது தடவை வந்தது. கொஞ்சம் சொரசொரப்பான பருத்தித் துணி, இளநீலம். தோள் எலும்பு முடிகிற இடத்தில் சரியாக முடிகிற தோள். காலருக்கும் பட்டன் வரும் பட்டிக்கும் உள்ளே விறைப்புக்குக் கேன்வாஸ் துணி வைத்திருந்தாள், அதனால் நடுவில் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு. தோளிலிருந்து முன்பக்கம் எதையும் தொடாமல் லேசாக விழுந்தது. பை கிடையாது. பேண்ட்டுக்குள் சொருகினாலும் மேலே இழுத்துப் பிடிக்காதபடி இடுப்பில் கொஞ்சம் துணி விட்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். என் மார்பு இருந்தது. ஆனால் முதல் பார்வை தோளுக்குப் போனது. கண்ணாடியில் நின்றவனுக்கு ஒரு தோள் இருப்பதையே அன்றுதான் கவனித்தேன்.

சட்டையை வெளியே விட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தால் இன்னும் சுலபம் என்று பிரின்ஸ்பாலிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். அந்தச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும், அது எந்தெந்த மேசை வழியாகப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். பரவாயில்லை சார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இறுக்கு பனியன் இல்லாமல் பள்ளிக்குக் கிளம்பிய முதல் நாள், புதிதாக வாங்கியிருந்தது ஒன்று பையில் இருந்தது. வண்டியில் போகும்போது சட்டைக்குள் காற்று நுழைந்தது. அது சுகமாக இருந்தது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் மார்பு குலுங்கியதும் உண்மை. இருபத்திரண்டு வருஷமாக அசையாமல் கட்டிவைத்திருந்தது இப்போது அசைந்தது. யாரோ என்னைக் கூட்டத்தில் தொட்டதுபோல ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டேன். வேகத்தடை இல்லாத சுற்றுவழியில் போனேன்.

இரண்டு வகுப்புகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது பின் பெஞ்சில் ஒருவன் இன்னொருவன் காதில் ஏதோ சொல்ல, அவன் சிரித்தான். என்னைப் பற்றியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்காவது வகுப்பு மணி அடித்தபோது நான் கழிப்பறையில் இருந்தேன். அந்தக் குறுகலான இடத்தில், முழங்கை இரண்டும் சுவரில் இடிக்க, பனியனைத் தலை வழியாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் அது கழுத்தில் மாட்டிக்கொண்டது. கைகள் மேலே, முகம் துணிக்குள், வெளியே பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் சத்தம். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. ஒருவழியாகப் போட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குப் போனேன். காலையில் பார்த்த அதே பிள்ளைகள்தான். ஒருவர் முகத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மறுநாள் மதியம்வரை தாங்கினேன். அதற்கடுத்த நாள் வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு போனேன். எத்தனை நாள் போடுகிறேன், எத்தனை நாள் விடுகிறேன் என்று மனைவி எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் சாப்பாடு போடும்போது, ஆபரேஷன் செய்துகொள்வதென்றால் சொல்லுங்கள், சேலத்தில் கேட்டுவிட்டு வரலாம், கூட நான் இருக்கிறேன் என்றாள். பார்க்கலாம் என்றேன். இத்தனை வருஷம் என்னைத் தடுத்தது கூட வர ஆள் இல்லாததுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது ஆள் இருக்கிறது, நான் இன்னும் பார்க்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் இன்னும் நான்கு சட்டை தைத்துவிட்டாள். ஒரு நாள் ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாதபோது பி.டி. சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விளையாட்டு விழாவுக்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. என் தோளைப் பார்த்தார், சட்டை எங்கே தைத்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். கொஞ்ச நேரம் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒண்ணு தைக்க முடியுங்களா சார்? வயித்துக்கிட்ட… ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க. காலையில உள்ள இழுத்துப் புடிச்சா சாயங்காலம் ஊட்டுக்குப் போய்த்தான் உடறேன்.”

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காபி கொடுத்துவிட்டு டேப்பை எடுத்தாள். அவர் மைதானத்தில் நிற்பதைப் போலவே நின்றார். தோள் எடுத்தாள், கை எடுத்தாள், மார்பு எடுத்தாள். வயிற்றுக்கு வந்ததும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தாள். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெல்ல மூச்சை விட்டார். அத்தனை வருஷமாகத் தட்டையாக நான் பார்த்திருந்த வயிறு முன்னால் வந்து இறங்கியது. அவருடைய முகமே வேறாகிவிட்டது, ஐந்து வயது கூடினதுபோலவும் தூங்கி எழுந்ததுபோலவும். அவள் எண்ணை எழுதிக்கொண்டாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு விருந்தாளி வருகிறாரே என்று காலையிலேயே பனியனைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் விட்ட மூச்சைப் பார்த்து எனக்கும் ஒன்று இழுக்க வேண்டும்போல இருந்தது. பாதி வந்தது.